அடுத்த மாநிலத்து அடுப்பை யார் அணைப்பது?

ஒரு மாநிலத்தில் பதிவான குற்ற வழக்கை இன்னொரு மாநிலத்து உயர்நீதிமன்றம் ரத்து செய்ய முடியுமா? அந்த அதிகாரம் எப்படி இயங்குகிறது?

சிவகாசிப் பட்டாசு வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தூரில் இருக்கும் மொத்த வியாபாரிக்கு ஒரு லோடு சரக்கு அனுப்பியதில் கணக்குத் தகராறு வருகிறது. இவர் பாக்கியைக் கேட்டு நெருக்க, அவர் இந்தூர் போலீஸில் இவர்மேல் மோசடிப் புகார் கொடுக்கிறார். எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸும் வந்து சேருகிறது. வியாபாரி நேராக மதுரைக்குப் போகிறார். உயர்நீதிமன்றக் கிளை அங்கேதானே இருக்கிறது, நியாயத்தை எடுத்துச் சொன்னால் வழக்கை ரத்து செய்துவிட மாட்டார்களா என்பது அவர் எண்ணம். வக்கீல் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எஃப்.ஐ.ஆர். மத்தியப் பிரதேசத்துல போட்டிருக்காங்க. இங்க க்வாஷ் போட்டா நம்பரே ஆகாதுங்க" என்கிறார். ரத்து மனு இங்கே கோப்பு எண்ணே பெறாது என்று பொருள்.

ஏன் ஆகாது? எப்போதாவது ஆகுமா? ஆகாதென்றால் வேறு வழி என்ன? ஒரு செட்டிநாட்டு வீட்டுச் சமையற்கட்டை மனதில் வைத்துக்கொண்டால் இந்த மூன்று கேள்விக்கும் விடை தெளிவாகும்.

செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' வழக்கம். வீடு ஒன்று, முகப்பு ஒன்று, வளவு ஒன்று. ஆனால் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனி அரிசி, தனிக் கணக்கு. மருமகள்கள் அவரவர் அடுப்புக்கு அவரவரே பொறுப்பு. ஒருத்தி அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தாலும், இன்னொருத்தி கேட்காமல் போய் விறகை இழுத்துவிட மாட்டாள். எல்லா அடுப்பின் மீதும் சொல் செல்லுகிற ஒருவர் உண்டு. அவர் வீட்டின் பெரிய ஆச்சி.

இந்தியாவின் 25 உயர்நீதிமன்றங்களும் அந்த மருமகள்களைப் போலத்தான். சட்டம் என்கிற வீடு ஒன்று, அடுப்பு தனித்தனி. உச்ச நீதிமன்றம் பெரிய ஆச்சி.

முதல் படி: அணைப்பது என்றால் என்ன?

புகார், எஃப்.ஐ.ஆர்., விசாரணை, குற்றப்பத்திரிகை, மாஜிஸ்திரேட் வழக்கைக் கோப்பில் எடுப்பது, சாட்சி, தீர்ப்பு என்று ஒரு குற்ற வழக்கு வரிசையாக வேக வேண்டியது. பக்குவம் எப்படி இருந்தது என்பது இறக்கிய பிறகுதான் தெரியும்: தண்டனை அல்லது விடுதலை. ரத்து செய்வது என்பது பாதி வேக்காட்டில் அடுப்பையே அணைத்துவிடுவது.

அந்த அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 482-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528-ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 482 என்ற எண் முன்ஜாமீனுக்குப் போய்விட்டது. பழைய தீர்ப்பையும் புதிய மனுவையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது அணைக்கலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1990-இல் ஹரியானா அரசு எதிர் பஜன்லால் வழக்கில் ஏழு வகைச் சூழல்களைச் சொன்னது. புகாரில் உள்ளதை அப்படியே உண்மையென்று ஏற்றாலும் குற்றம் எதுவும் தேறவில்லை என்றால் அணைக்கலாம். வஞ்சம் தீர்க்கவே வழக்கு போடப்பட்டது என்று வெளிப்படையாகத் தெரிந்தால் அணைக்கலாம். ஆனால் அரிதிலும் அரிதாகத்தான் இதைச் செய்யவேண்டும் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. இந்தக் கட்டத்தில் நீதிபதி சாட்சியத்தை எடைபோடுவதில்லை. புகாரின் வாசகமே வழக்கைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறார்.

இரண்டாம் படி: எந்த அடுப்பு யாருடையது?

பழைய நடைமுறைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு 'உயர்நீதிமன்றம்' யாரென்று சொல்லியிருந்தது: ஒரு மாநிலத்தைப் பொறுத்தவரை, அந்த மாநிலத்துக்கான உயர்நீதிமன்றம். உள்ளார்ந்த அதிகாரம் எவ்வளவு பெரியதானாலும், தனக்குக் கீழே உள்ள கோர்ட்டுகளையும் தன் எல்லைக்குள் நடக்கும் வழக்குகளையும் தாண்டிப் போகாது. இந்தூர் வழக்கு மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் அடுப்பில் இருக்கிறது; அந்த நீதிமன்றத்துக்கு இந்தூரிலேயே ஓர் அமர்வும் உண்டு. மதுரை கை நீட்ட முடியாது.

இங்கே எல்லை என்பது மாநில எல்லைதானா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் எல்லையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் சேர்த்தி. மாஹி அதில் ஒரு துண்டு. சுற்றிலும் கேரளம், பக்கத்து ஊர் தலச்சேரி. தலச்சேரியில் பதிவான வழக்கை ரத்து செய்யக் கொச்சிக்குப் போகவேண்டும். மாஹியில் பதிவானால் சென்னைக்கு வரவேண்டும். ஆந்திரத்துக்குள் காக்கிநாடா பக்கம் இருக்கும் யானமும் அப்படியே. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் எல்லைக்குள் கோவா இருக்கிறது. பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் சேர்த்து சண்டிகரில் ஒரே உயர்நீதிமன்றம். ஆகவே வரைபடத்தில் மாநிலக் கோட்டைப் பார்த்தால் போதாது. எந்த உயர்நீதிமன்றத்தின் எல்லை என்று பார்க்கவேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு தேவையா என்று சிவகாசி வியாபாரிக்குத் தோன்றலாம். அவரையே புகார்தாரராக மாற்றிப் பார்த்தால் தேவை புரியும். இந்தூர்க்காரர் இவரை ஏமாற்றி, இவர் சிவகாசியில் புகார் கொடுத்திருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் தன் ஊர் நீதிமன்றத்தில் போய் அந்த எஃப்.ஐ.ஆரை அணைத்துவிட முடியுமா? முடிந்தால் பணம் இழந்தவர் இந்தூருக்குப் போய் வக்கீல் பிடித்து வாதாடவேண்டும். உயர்நீதிமன்றங்களுக்குள் மூத்தது இளையது கிடையாது, எல்லாம் சமம். ஒன்று நிறுத்து என்றும் இன்னொன்று நடத்து என்றும் ஒரே வழக்கில் உத்தரவிட்டால் போலீஸ் எதைக் கேட்கும்? வழக்கு நாட்குறிப்பு, சாட்சிகள், அரசு வக்கீல் எல்லாம் இருப்பது வழக்கு நடக்கும் இடத்தில்தான். அங்கே உள்ள நீதிமன்றமே அதைச் சரியாகப் பார்க்க முடியும்.

மூன்றாம் படி: பின்கட்டு வாசல்

இத்தனைக்கும் மேல் இன்னொரு வாசல் இருக்கிறது: அரசியல் சட்டத்தின் 226-ஆவது உறுப்பு. உயர்நீதிமன்றம் ரிட், அதாவது நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரம். இந்த வாசல் திறந்த கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

1950-களின் தொடக்கத்தில், பழைய சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தகுதி குறித்துத் தேர்தல் ஆணையம் விசாரிக்கப் புறப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டார். ஆணையத்தைத் தடுக்கும் உத்தரவும் பெற்றார். 1953-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆணையம் இருப்பது டெல்லியில். தன் எல்லைக்குள் இல்லாத அதிகாரிக்குச் சென்னை ஆணையிட முடியாது என்றது. 1961-இல் இன்னொரு வழக்கிலும் அதே நிலைப்பாடு உறுதியானது. அதன் விளைவு, மத்திய அரசை எதிர்த்து யார் ரிட் போடுவதானாலும், கன்னியாகுமரிக்காரரானாலும், டெல்லி இருக்கும் எல்லையைத் தேடித்தான் போகவேண்டும் என்றானது.

அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க 1963-இல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம் வந்தது. அதிகாரி வெளியே இருந்தாலும் பரவாயில்லை. வழக்கு எழுந்த காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ தன் எல்லைக்குள் நடந்திருந்தால் அந்த உயர்நீதிமன்றம் ரிட் பிறப்பிக்கலாம். இன்று அது 226-இன் இரண்டாம் உட்பிரிவு.

சமையற்கட்டில் சொன்னால்: குழம்பு கொதிப்பது பக்கத்து அடுப்பில். ஆனால் அரிசி ஊறியது, மசாலா அரைத்தது, புளி கரைத்தது எல்லாம் என் அடுப்பங்கரையில். அப்போது அந்தக் குழம்பைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை உண்டு.

நான்காம் படி: எவ்வளவு அரைத்தால் போதும்?

இங்கேதான் எல்லா வாதமும் நடக்கிறது. இரண்டு தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலாவது, 2000-இல் வந்த மஜீதியா வழக்கு. பங்குகள் விற்பனை தொடர்பான தகராறு. பேச்சு, ஒப்பந்தம், பணப் பரிமாற்றம் எல்லாம் மும்பையில். புகார் மட்டும் மேகாலயாவில், ஷில்லாங் போலீஸில். குற்றம் சாட்டப்பட்டவர் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போக, 'எங்கள் எல்லை இல்லை' என்று அது கையை விரித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எஃப்.ஐ.ஆர். எந்த மாநிலத்தில் பதிவானது என்பது மட்டுமே அளவுகோல் இல்லை. நடந்தவற்றில் பெரும்பகுதி மும்பையில் நடந்திருப்பதால் பம்பாய் நீதிமன்றம் விசாரித்திருக்கலாம் என்றது. விசாரணையை மும்பை போலீஸுக்கு மாற்றவும் உத்தரவிட்டது. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னது: ஒருவர் வேறு மாநிலத்துக்குள் போய்த் தங்கிக்கொள்வதாலேயே அங்கே வழக்குக் காரணம் முளைத்துவிடாது.

இரண்டாவது, 2006-இல் வந்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் ஒப்பந்த வேலை. எர்ணாகுளத்து நிறுவனம் ஒன்று கொடுத்த செக்குகள் பணமில்லாமல் திரும்பின. செக்கைப் பெற்றவர் அந்த மாவட்டத்தின் சூரி கோர்ட்டில் வழக்குப் போட, கோர்ட் அதைக் கோப்பில் எடுத்தது. நிறுவனம் கேரள உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டது. செக் எர்ணாகுளத்திலிருந்துதான் அனுப்பப்பட்டது, எங்கள் அலுவலகமும் இங்கேதான் என்பது வாதம். இவை எதுவும் அந்தக் குற்றச்சாட்டின் இன்றியமையாத பகுதி இல்லை, கேரளத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: நான் எங்கே குடியிருக்கிறேன், நோட்டீஸ் எங்கே வந்தது என்பது கணக்கில் வராது. குற்றச்சாட்டு நிற்க எந்த நிகழ்வுகளை நிரூபித்தாக வேண்டுமோ, அவற்றில் எது எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு. இன்னொன்றும் தெரிகிறது. மஜீதியா வழக்கு போலீஸ் விசாரணையில் இருந்தது. சூரி வழக்கைக் கோர்ட்டே கையில் எடுத்திருந்தது. அடுத்த மாநிலத்துப் போலீஸ் அதிகாரிக்கு ரிட் அனுப்புவது ஒன்று. அடுத்த உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வையில் உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டைத் தடுப்பது வேறொன்று. வழக்கு கோப்பில் ஏறிய பிறகு இந்த வாசல் மிகவும் ஒடுங்கிவிடுகிறது.

வாசல் திறந்திருந்தாலும் நீதிமன்றம் உள்ளே விட்டாகவேண்டும் என்பதில்லை. சிறு பகுதி இங்கே நடந்திருந்தாலும், மற்ற நீதிமன்றமே பொருத்தமான இடம் என்று பட்டால் விசாரிக்க மறுக்கலாம் என்று 2004-இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால்தான் நம் வக்கீல்கள் 226-ஐ நம்பி அடுத்த மாநில எஃப்.ஐ.ஆரைத் தொடத் தயங்குகிறார்கள்.

ஐந்தாம் படி: புகாரே தவறான இடத்தில் கொடுக்கப்பட்டிருந்தால்?

குற்றம் எங்கே நடந்ததோ அங்கே விசாரணை என்பது பொது விதி. புதிய சட்டத்தில் 197-ஆம் பிரிவு. ஆனால் அடுத்தடுத்த பிரிவுகள் அதை விரிக்கின்றன. பாதி அங்கே பாதி இங்கே நடந்தால் இரண்டு இடத்திலும் நடத்தலாம். ஏமாற்றும் செய்தியை அனுப்பிய இடத்திலும், அது வந்து சேர்ந்த இடத்திலும் மோசடி வழக்கு நடத்தலாம். கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஜெய்ப்பூரில் ஒருவர் பணம் இழந்தால், ஜெய்ப்பூர் போலீஸின் எஃப்.ஐ.ஆர். சரியானதுதான்.

மனைவிக்குச் செய்யப்படும் கொடுமை வழக்குகளில் இந்தக் கேள்வி பெரும் வலியைக் கொடுத்திருக்கிறது. நாகர்கோவிலில் கணவர் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த பெண்ணின் புகாரில், கொடுமை எதுவும் சென்னையில் நடக்கவில்லை என்று சொல்லி, சென்னைக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவள் அந்த ஊருக்கே திரும்பிப் போய் வழக்கு நடத்துவது எப்படி? 2019-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு விடை சொன்னது. அடைக்கலம் புகுந்த இடத்திலும் அந்தக் கொடுமையின் மனவேதனை தொடர்கிறது. ஆகவே அங்கேயும் வழக்குத் தொடுக்கலாம். எல்லை விதி மனிதர்களுக்காக வளைந்து கொடுத்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

போலீஸ் விசாரணை நடக்கும்போதே, 'எல்லை தவறு' என்ற ஒரே காரணத்துக்காக எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக்கூடாது என்று 1999-லேயே தீர்ப்பு உண்டு. புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிய வேண்டும். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது இதுதான். வளவில் யார் கையில் தானியத்தைக் கொடுத்தாலும் வாங்கி வைத்து, அது சேரவேண்டிய அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஆறாம் படி: பெரிய ஆச்சியின் சொல்

உச்ச நீதிமன்றத்துக்கு எல்லைக்கோடு இல்லை. ஒரு மாநிலத்துக் கோர்ட்டில் நடக்கும் வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றப் புதிய சட்டத்தின் 446-ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. பழைய எண் 406. ஆனால் இது கோர்ட்டில் உள்ள வழக்குகளுக்கு மட்டும். போலீஸ் விசாரணையை இந்தப் பிரிவில் மாற்ற முடியாது என்று தமிழ்நாடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1978-லேயே அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு அரசியல் சட்டத்தின் 32, 142 போன்ற உறுப்புகள் வேண்டும்.

ஒரே பேச்சுக்குப் பல ஊர்களில் வழக்குப் போடும்போது உச்ச நீதிமன்றத்தின் எல்லையில்லா அதிகாரத்தின் அருமை தெரியும். 2005-இல் நடிகை குஷ்பு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக அவர்மேல் 23 புகார்கள் குவிந்தன; பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில். சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது.

2020 மே மாதம் அர்னாப் கோஸ்வாமி வழக்கில், ஒரே ஒளிபரப்புக்காகப் பல மாநிலங்களில் போட்ட எஃப்.ஐ.ஆர்.களை அது ரத்து செய்து, நாக்பூரிலிருந்து மும்பைக்கு மாற்றப்பட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரே குழம்பை ஏழு அடுப்பில் ஏற்றி ஒருவரை அலைக்கழிப்பதை வீட்டுப் பெரியவர் அனுமதிக்கவில்லை. ஆனால் மிஞ்சிய அந்த ஒன்றையும் ரத்து செய்யுங்கள் என்று கேட்டபோது, அதற்கு உரிய நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. பெரிய ஆச்சியும் மருமகளின் அடுப்பில் அநாவசியமாகக் கை வைப்பதில்லை.

ஏழாம் படி: கரித்துணி

நம் வியாபாரிக்கு உடனடிப் பயம் கைது. இந்தூர் போய் வக்கீல் பிடித்து மனுப் போடுவதற்குள் போலீஸ் வந்துவிட்டால்? இதற்கு 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான வழி சொன்னது. எஃப்.ஐ.ஆர். வேறு மாநிலத்தில் இருந்தாலும், இங்குள்ள செஷன்ஸ் கோர்ட்டோ உயர்நீதிமன்றமோ குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் தரலாம். வக்கீல்கள் 'ட்ரான்ஸிட் முன்ஜாமீன்' என்பது இதைத்தான். நிபந்தனைகள் உண்டு: அந்த மாநிலத்து விசாரணை அதிகாரிக்கும் அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் தரவேண்டும், உடனே அங்கே போக முடியாததற்குக் காரணம் காட்டவேண்டும், மனுச்செய்யும் இடத்தோடு வீடு, தொழில் போன்ற உண்மையான தொடர்பு இருக்கவேண்டும்.

கொதிக்கிற பாத்திரத்தைக் கை சுடாமல் பிடிக்க உதவும் கரித்துணி இது. அடுப்பை அணைக்காது. உரிய அடுப்படிக்குப் போய்ச் சேரும்வரை கையைக் காப்பாற்றும்.

இப்போது என்ன செய்வது?

வந்த காகிதத்தில் எந்த ஸ்டேஷன், என்ன குற்ற எண், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். சாட்சியாக அழைக்கிற, புதிய சட்டத்தின் 179-ஆம் பிரிவு நோட்டீஸ் என்றால், தன் ஸ்டேஷன் அல்லது பக்கத்து ஸ்டேஷன் எல்லையில் இருப்பவரைத்தான் போலீஸ் அப்படி அழைக்க முடியும். குற்றம் சாட்டப்பட்டவருக்கான 35(3) நோட்டீஸ் என்றால் அலட்சியம் செய்யக்கூடாது. கட்டுப்படாவிட்டால் கைது வரை போகும். கைது பயம் இருந்தால் உள்ளூரில் ட்ரான்ஸிட் முன்ஜாமீன். அடுத்து, எஃப்.ஐ.ஆர். பதிவான எல்லையின் உயர்நீதிமன்றத்தில் 528-இல் ரத்து மனு. அதற்கு வக்காலத்தும் பிரமாணப் பத்திரமும் இங்கிருந்தே அனுப்பலாம்; வாதாடுவது அங்குள்ள வக்கீல். நடந்ததில் பெரும்பகுதி இங்கேதான் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் 226. வழக்கு கோப்பில் ஏறிவிட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வராமல் இருக்க 228-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடமே விலக்குக் கேட்கலாம்.

எல்லைக்கோட்டை அழித்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது புகார்தாரருக்கும் காவல். ஆனால் புகழ் உள்ளவருக்கு உச்ச நீதிமன்றம் வரை வழி இருக்கிறது. லோடு அனுப்பிப் பிழைப்பவருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயில் பயணமே தண்டனையாகிவிடுகிறது. 530-ஆம் பிரிவு விசாரணைகளைக் காணொலியில் நடத்த இடம் தந்துவிட்டது. 228 நேரில் வராமலிருக்க வழி தந்துவிட்டது. தொலைவிலிருந்து வருகிற சாதாரண மனிதர் கெஞ்சிக் கேட்டால்தான் என்றில்லாமல், இவற்றைக் கோர்ட்டுகள் வழக்கமாகவே தரவேண்டும். 'எங்கள் எல்லை இல்லை' என்று மனுவைத் திருப்பும் உயர்நீதிமன்றம், எந்த நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்பதையும், போய்ச் சேரும்வரை சில வாரப் பாதுகாப்பையும் அந்த உத்தரவிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். 2023 தீர்ப்புக்குப் பிறகு அதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.